வரிசையில் நின்ற ஐந்து வரி

ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? ஐந்தே வரி. அந்த ஐந்து வரித் திருத்தத்தை என் கூடப்பிறந்த தம்பியே ஒரு மாதமாக வாசலில் நிற்க வைத்திருந்தான்.

நான் எழுதிய லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்களுக்குள் வைக்கும் நிரல் தொகுப்பு, சின்னது. நோயாளிகளின் பதிவைப் படித்துத் திரையில் காட்டும். இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். எந்தெந்த மருத்துவமனையில் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது. அதில் ஒரு தப்பு, நான் செய்ததுதான். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற கட்டம் காலியாக இருந்தால், அதாவது யாருமே கேட்டிருக்காவிட்டால், 'ஒவ்வாமை இல்லை' என்று காட்டிவிடும். கண்டுபிடித்த அன்றே திருத்திவிட்டேன். ஆனால் இம்மாதிரி நிரல்களை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் இணையப் பொதுக் கிடங்கு வழியாகப் போனால்தான் அது எல்லோருக்கும் போய்ச் சேரும்.

முன்பெல்லாம் அந்தக் கிடங்கில் யாரும் நினைத்த நேரத்தில் ஏற்றலாம். எவனோ ஒரு திருட்டுப்பயல், பிரபலமான லைப்ரரியின் பெயர் மாதிரியே பெயர் வைத்து, பாஸ்வேர்டு திருடும் நிரலை ஏற்றினான். உடனே ஒரு குழு, குழுவுக்கு விதிகள். இரண்டு பேர் ஒப்புதல் தராமல் எதுவும் உள்ளே போகாது. விதிகளை உட்கார்ந்து எழுதியவன் என் தம்பி. சொந்தக்காரர் வேலைக்கு ஒப்புதல் தரக்கூடாது என்பதும் அவன் கைவண்ணம்தான்.

"அப்ப வேற ரெண்டு பேரைப் பார்க்கச் சொல்லேன்டா" என்றேன்.

"வரிசைன்னு ஒண்ணு இருக்குக்கா. உனக்காக உடைச்சா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசுறதா பெருசு? யாராவது செத்துத் தொலைஞ்சா?"

"திறந்து போட்டப்பதானே திருடன் வந்தான்? மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவன் பேச்சில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திருடனுக்குப் போட்ட பூட்டு, தீயணைக்க வந்தவளையும் வெளியே நிறுத்த வேண்டுமா?

போன வாரம் தம்பி மனைவிக்குக் குடல்வால் ஆபரேஷன். வலியில் பேசக்கூட முடியாமல் சுருண்டு கிடந்தாள். நர்ஸ் ஊசியோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"ஒவ்வாமை இல்லைன்னு இருக்கு. பென்சிலின் போட்டுடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, வேண்டாம்! அதைப் போட்டா இவளுக்குத் தொண்டை அடைச்சுக்கும்!" என்று கத்தினேன். நர்ஸ் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து என் திருத்தத்துக்கு ஒப்புதல் போட்டான். குழுவில் இன்னொருவரைப் போனில் பிடித்துக் கெஞ்சினான். அவரும் போட்டார். கிடங்கிலிருந்து உடனே பதில் வந்தது: உறவினர் ஒப்புதல் செல்லாது, கோரிக்கை வரிசையின் கடைசிக்கு மாற்றப்படுகிறது.

"அறிவிருக்கா இவனுங்களுக்கு? உயிர் போற விஷயம்!" என்று பல்லைக் கடித்தான்.

"எவனுங்கடா? எழுதினது நீதானே! ஒரு மாசமா உயிர் போற விஷயந்தான். உன் பொண்டாட்டி உயிர்னாதான் உனக்கு உறைக்குதா?"

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அதற்குள் எதிர்க்கட்டிலில் இன்னொரு நர்ஸ், அரைமயக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவரின் திரையைப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தாள். திரையில் அதே இரண்டு வார்த்தை. ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"சிஸ்டர், அவர் வீட்டு ஆளுங்களை முதல்ல கேளுங்க."

"நீங்க யாரும்மா அவருக்கு?"

"யாருமில்லை. அந்தத் திரையில இருக்கிற பொய்யை எழுதினவ."