பொன்னாயி அள்ளியது

முதல் வாரம் செல்லமுத்துவுக்கு வாத்தியார் பாலசுந்தரத்தின் மேல் மரியாதைதான் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த மரியாதை மட்டும் இல்லாதிருந்தால் பிற்பாடு அவனுக்கு அத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

யுத்த காலம் அது. அரசாங்கத்துச் சேதிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சொல்ல ஆட்கள் வேண்டும் என்று அரியலூரில் ஒரு பிரசார வகுப்பு வைத்தார்கள். சரக்கில்லாமல் மூடிக் கிடந்த நெல் மண்டிதான் வகுப்பறை. அந்த லட்சணத்தைப் பார்த்தே அவன் சுதாரித்திருக்கலாம். பத்திரிகை, ரேடியோ, வாயில் வைத்துப் பேசும் தகரக் குழாய், திரையில் படம் காட்டும் மேஜிக் லாந்தர், எல்லாம் பாடம். தேறினால் பிரசாரகர் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த செல்லமுத்து அந்த வேலையை நம்பித்தான் வந்தான். மாசி மாதம் அரசாங்கத்துக் கொள்முதல் ஆட்கள் வந்து அவன் வீட்டு நெல் பத்தாயத்தை வழித்தபோது, விதைக்கென்று தனியாகக் கட்டி வைத்திருந்த மூட்டையையும் சேர்த்துத் தூக்கிப் போய்விட்டார்கள். அந்த வருஷம் வயலில் தூவ ஒரு பிடி இல்லை.

பாலசுந்தரம் திருச்சிக்காரர். பாடம் நடத்துவதில் மன்னன். ஒரே சேதியை இரண்டு பத்திரிகைகளில் வாசித்துக் காட்டி, எது எங்கே பெரிசாக இருக்கிறது, எது எங்கே காணாமல் போயிருக்கிறது என்று கேட்பார். அச்சில் வந்தாலே நிஜம் என்று நம்பி வளர்ந்த செல்லமுத்துவுக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. ரேடியோ பேசினால் அது எதைப் பேசாமல் விட்டது என்று தேட ஆரம்பித்தான். இந்த மனுஷன் நமக்கு நல்லதுதான் சொல்லிக் கொடுக்கிறார் என்று நினைத்தான், பாவம்.

"படத்தை ரொம்ப நேரம் திரையில விடாதீங்க. பேசிக்கிட்டே இருக்கணும், பேச்சோட பேச்சா மாத்திடணும். விட்டா ஜனங்க தாங்களாவே பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க" என்றார் ஒருநாள். வகுப்பே சிரித்தது. செல்லமுத்துவும் சேர்ந்துதான் சிரித்தான்.

மறுநாள் சன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு, லாந்தரை ஏற்றி, ஒரு படத்தைக் காட்டினார். தெருவில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். வலது கை தலைக்கு மேல் உயர்ந்திருக்கிறது. கையிலிருந்து எதுவோ சிதறிக் காற்றில் நிற்கிறது. வாய் திறந்திருக்கிறது.

"போர்முனையில் நிற்கும் பிள்ளைகளுக்காக நெல்லை அள்ளி வழங்கும் தாய். என்ன சந்தோஷம் பாருங்கள் அந்த முகத்தில்" என்று பாலசுந்தரம் மேடைக் குரலில் சொன்னார்.

அது செல்லமுத்துவின் அம்மா பொன்னாயி.

விதை மூட்டையோடு வண்டி கிளம்பியபோது அவள் பின்னாலேயே ஓடி, தெரு மண்ணைக் கை நிறைய அள்ளி, "நாசமாப் போவீங்கடா" என்று வண்டியின் மேல் வாரி இறைத்தாள். வயிறு எரிந்து ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினால் என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். வண்டியோடு வந்த எவனோ ஒருவன் காமிராவைத் தூக்கிப் பிடித்திருந்ததைச் செல்லமுத்துவும் அன்றைக்குப் பார்த்தான். படத்தின் ஓரத்தில் முழங்கை வரைக்கும் ஒரு கை தெரிந்தது. அம்மாவைப் பிடித்து இழுத்த அவனுடைய கைதான். படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள்.

வகுப்பு கலைந்ததும் பாலசுந்தரத்திடம் போனான். "சார், அது எங்க அம்மா. கையில இருக்கறது நெல்லு இல்ல, மண்ணு. சாபம் வுடறாங்க சார்."

அவர் கொஞ்சம் திடுக்கிட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும். அவரோ முகம் மலர்ந்துவிட்டார்.

"உங்க அம்மாவா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. சனிக்கிழமை உங்க ஊர்லயே காட்டுவோம். அந்தப் படத்துக்கு நீயே பேசு. பெத்த மகன் சொன்னா எவன் சந்தேகப்படுவான்? அதான் உனக்குப் பரீட்சை."

"பொய்யாச்சே சார்."

"படத்துல என்னப்பா பொய் இருக்கு? படம் எடுத்தபடியேதான் இருக்கு."

"நான் சொல்லலேன்னா?"

"வேலை வேற ஒருத்தனுக்குப் போகும்."

அன்றைக்கு முழுக்க அவனுக்கு இதே நினைப்புதான். விதை நெல்லைத் தூக்கிப் போனவர்கள் திருடர்கள், சரி. அழுகையையும் அல்லவா தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். போதாததற்கு, அது சிரிப்புதான் என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். லாந்தர் இயக்கும் ஜெயங்கொண்டத்து அங்கமுத்து, "ஒரு வரிதானே, சொல்லித் தொலைச்சுட்டு வேலையில சேருடா" என்றான்.

"உங்க அம்மாவா இருந்தா சொல்லுவியா?" என்று செல்லமுத்து கேட்டான். அங்கமுத்து லாந்தர்க் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும், தா.பழூருக்குத் தெற்கே அவர்கள் ஊரில், மாரியம்மன் கோயில் திடலில் வேட்டியைக் கட்டித் திரை போட்டார்கள். மகன் பேசப் போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் பொன்னாயி. கப்பல் வந்தது, ஆகாய விமானம் வந்தது. பிறகு அவளே வந்தாள். தன் படத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி, "அக்கா, நீதான்" என்றாள்.

செல்லமுத்து தகரக் குழாயை வாயில் வைத்தான். சொல்லிக் கொடுத்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"இது எங்க அம்மா. விதை நெல்லைத் தூக்கிட்டுப் போனவங்களை மண்ணை வாரித் தூத்துறாங்க. இதை நெல்லுன்னு சொல்லணுமாம். சொன்னாத்தான் எனக்கு வேலையாம். அந்த வேலை எனக்கு வேணாம்."

பாலசுந்தரம் பாய்ந்து குழாயைப் பிடுங்கினார். "பையன் பயத்தில் உளறுகிறான். நன்றாகப் பாருங்கள், அது நெல்தான்" என்று குழாயில் முழங்கினார்.

பொன்னாயி எழுந்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். இந்தத் தடவை வீசவில்லை. நேராக அவரிடம் நடந்துபோய், அவர் இடது கையைப் பிடித்து விரித்து, அதில் கொட்டினாள்.

"ஐயா படிச்சவங்க. இது நெல்லா மண்ணான்னு நீங்களே சொல்லுங்க. அந்தக் குழாயிலயே சொல்லுங்க, கடைசியில இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் கையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். குழாய் இன்னும் வாயில்தான் இருந்தது. அதனால் அவர் சொன்ன பதில் திடல் முழுக்கக் கேட்டது.

"படத்தை மாத்து, அங்கமுத்து."

அங்கமுத்து லாந்தரிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டான். படம் திரையிலேயே நின்றது. ஜனங்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.