குசினிக்குள் வாய்மொழிப் பரீட்சை

அஞ்சலினா குசினிக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு படுக்கை விரிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கரிபிடித்த சட்டிகள் கமெராவில் தெரியக் கூடாது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சாப்பாடு அயல்வீடுகளிலிருந்து வரும். அதனால் இன்றைக்கு இந்த வீட்டில் ஆளில்லாத ஒரே இடம் குசினிதான். கூடத்தில் அம்மா பெட்டிக்குள் கிடந்தாள். பின்னேரம் எடுப்பதாகப் பங்குச் சுவாமி சொல்லியிருந்தார். அதற்கு முன்பு, பத்து மணிக்கு, சூமில் வாய்மொழிப் பரீட்சை.

அண்ணன் றிக்சன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

“அம்மா அங்க கிடக்கிறா. நீ இங்க சோதினை எடுக்கப் போறியோ?”

“ஓம்.”

“சனம் என்ன கதைக்கும்?”

“சனமே எனக்கு ஆய்வேடு எழுதித் தந்தது?”

மாகிரட் பெரியம்மா அவனுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “புத்தகம் எழுதி முடிஞ்சுதெண்டு கொம்மா றோட்டெல்லாம் சொல்லித் திரிஞ்சாளே பிள்ளை. பிறகென்ன சோதினை?”

அஞ்சலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை இந்த வீட்டில் எத்தனை தரம்தான் விளங்கப்படுத்துவது?

“எழுதினாப் போதாது பெரியம்மா. எழுதினது நான்தான் எண்டு மூண்டு பேருக்கு முன்னால கதைச்சுக் காட்டவேணும். பிறகு அவை சொல்லுற திருத்தம் செய்யவேணும். பிறகு மட்டை கட்டிக் குடுக்கவேணும். அதுக்குப் பிறகுதான் பட்டம்.”

“இதைவிடக் கலியாணம் கட்டுறது லேசு போல கிடக்கு.”

“போனில ஒரு கோல் எடுத்துச் சொன்னாத் தள்ளிவைக்க மாட்டாங்களோ?” என்றான் றிக்சன்.

வைப்பார்கள். ஆனால் அவளுடைய பதிவுக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. விட்டால் எல்லாம் முதலிலிருந்து. போன வருடம் அம்மாவை ஆஸ்பத்திரி வார்ட்டில் வைத்துக்கொண்டு அவள் தவணை கேட்டபோது, “உங்கட பக்கத்துப் பிள்ளையளுக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும்” என்று மேற்பார்வையாளர் சிரித்தார். அந்த மனிசனுக்கு முன்னால் இன்னொரு காரணத்தோடு போய் நிற்க அவள் தயாரில்லை. அது அம்மாவின் சாவாக இருந்தாலும்.

அப்பா வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சரிந்த தோள். றிக்சனை வாசலிலிருந்து விலக்கினார். கூடத்துக்குப் போய், “கொஞ்சம் மெதுவாப் படியுங்கோ” என்று பாட்டுப் படிக்கிற பெண்களிடம் சொன்னார். பிறகு ஒரு கதிரையைக் கொண்டுவந்து குசினி வாசலில் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அவரைத் தாண்டி ஒருவரும் வரவில்லை.

திரையில் மேற்பார்வையாளரும் இரண்டு பரீட்சகர்களும் வந்தார்கள். துறைமுகத் தொழிலாளர் வீட்டுப் பெண்களின் வாய்மொழி வரலாறு அவளுடைய தலைப்பு. ஏன் பெண்கள், ஏன் இந்தத் துறைமுகம், என்ன முறையியல்? கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அதென்ன சத்தம் என்று ஒருவர் கேட்டார்.

“பக்கத்தில ஜெபம் சேர்.”

கொழும்பிலிருந்த வெளிப் பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்ல வேலை செய்திருக்கிறீங்கள். ஒரு குறைதான். ஏழாவது தகவலாளி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில இடம்பெயர்ந்ததைக் கேட்டால், அகதிக் காம்பில மரவள்ளி காய்ச்சினதைப் பற்றியே ரெண்டு பக்கத்துக்குச் சொல்லுறா. நீங்களும் அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்கள். எதையோ சொல்லாமல் விடுறா. திரும்பப் போய்க் கேட்க ஏலுமோ?”

தகவல் தந்தவர்களின் பெயரை மறைத்து எண் போடவேண்டும் என்பது ஆய்வு விதி. ஏழு, அம்மா. இதே குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே, “வேற ஏதும் கேள் பிள்ளை” என்றிருந்தாள்.

“ஏலாது சேர்.”

“ஆளைப் பிடிக்க ஏலாதோ? இல்லாட்டி அவ சொல்ல மாட்டாவோ?”

வாசலில் அப்பாவின் முதுகு அசைந்தது.

“ரெண்டும்தான் சேர்.”

“அப்ப ‘ஆய்வின் எல்லைகள்’ பகுதியில ஒரு வரி சேர்த்து விடுங்கோ. அது போதும்.”

ஆய்வேடு சிறு திருத்தங்களுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மேற்பார்வையாளர் வாழ்த்துச் சொன்னார். மூன்று முகங்களும் மறைந்தன.

அப்பா திரும்பாமலே கேட்டார். “முடிஞ்சுதோ?”

“ஓம் அப்பா. ஒரு வரிதான் எழுதக் கிடக்கு.”



“கொம்மா மரவள்ளி காய்ச்சேல்ல,” என்றார் அப்பா. “அந்தக் காம்பில ஒண்டுமே காய்ச்சேல்ல.”

அஞ்சலினா போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். கூடத்தில் பெண்கள் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள், இந்தமுறை முழுக் குரலில்.