எண்பத்தேழாவது ஃபான்ட்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன தீபாவளிக்கு டெல்லி மயூர் விஹார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ கம்ப்யூட்டர் பற்றிப் பேச்செடுக்க, பூங்கோதை தன் கணவரைக் காட்டி, "என் புஸ்தகத்த முழுங்கி ஏப்பம் விட்டவரு இவருதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரேசனும் சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'யமுனைக்குக் கிழக்கே, 2001 மே மாதத்து வெயிலில், ஒரு கம்ப்யூட்டர் தன் இறுதி மூச்சை'

வேண்டாம். கம்ப்யூட்டருக்கு மூச்சு ஏது. அடுத்தது:

'சுந்தரேசன் கெட்டவர் இல்லை. ஆனால்'

இந்த 'ஆனால்' வந்துவிட்டால் வாசகர் உஷாராகிவிடுவார். அதையும் விட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

சுந்தரேசன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். நேரு பிளேஸில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கிய கம்ப்யூட்டர், பழைய சேலையில் தைத்த உறையைப் போட்டுக்கொண்டு ஹால் மூலையில் இருந்தது. வாங்கி நான்கு வருடம்தான். அதற்குள் கிழடு தட்டிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய், பால் காய்ச்சி, காபி ஆற்றி எடுத்துக்கொண்டு திரும்பினாலும் திரையில் மணல் கடிகாரம் அப்படியே நிற்கும்.

ஞாயிறுதோறும் சுந்தரேசன் 'டிஃப்ராக்' ஓட்டுவார். ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் வேலை அது. திரையில் வண்ண வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறும். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, கூலர் காற்றில், டிவி பார்ப்பதுபோல் அதைப் பார்ப்போம். (பார்ப்பார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். இருக்கட்டும்.) அப்போது சலிப்பாக இருந்தது. இப்போது அந்தக் கட்டங்களின் எதிரே ஒரு மணி நேரம் உட்காரக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரில் பூங்கோதை ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக, மத்தியானம் இரண்டு முதல் நான்கு வரை, கரண்ட் இருந்தால். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வீட்டில் யாரும் படித்ததில்லை. சுந்தரேசனுக்கு நேரமில்லை. மகள் சுபாஷிணி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ்க் கல்யாணப் பத்திரிகையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

"ஒரு பக்கம் சேவ் ஆகறதுக்குள்ள எனக்கு நரை விழுந்துடும் போலருக்குங்க" என்றாள் பூங்கோதை ஒருநாள்.

"சண்டே பாத்துடறேன். இது என்ன பெரிய விஷயம்?"

3

அரசு அலுவலகங்களில் அவ்வப்போது பழைய ஃபைல்களைக் கழிப்பார்கள். பட்டியல் போட்டு, 'உபயோகமில்லை, அழிக்கலாம்' என்று குறிப்பு எழுதி, மேலதிகாரி கையெழுத்திட்ட பிறகே அழிப்பார்கள். இருபத்தைந்து வருடம் அதைச் செய்த சுந்தரேசனுக்கு வீட்டிலும் வேறு முறை தெரியவில்லை.

ஃபான்ட்கள், அதாவது எழுத்து வடிவங்கள், அளவுக்கு மீறிச் சேர்ந்தால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். எண்ணிப் பார்த்தார். முந்நூற்றுக்கு மேல் இருந்தன. ஞாயிறு காலை முழுக்க உட்கார்ந்து, வேண்டாதவை என்று இருநூற்றுப் பதினான்கு பெயர்களை வரிசை எண்ணோடு எழுதினார். தாள்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"இதுல ஒரு சைன் போடு."

"எதுக்குங்க?"

"வீட்டுல நீதான மேலதிகாரி. ஜல்தி, ஜல்தி."

பூங்கோதை மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடியே போட்டாள். படிக்கவில்லை. எண்பத்தேழாவதாக, மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணுமாக ஒரு பெயர் இருந்தது. அதுதான் அவளுடைய தமிழ் ஃபான்ட்.*

சாயங்காலம் கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாக விழித்துக்கொண்டது. சுந்தரேசன் வெற்றிக்களிப்பில் ஜிலேபி வாங்கி வந்தார்.

* அந்த ஃபான்ட், டெல்லி துவாரகாவில் இருக்கும் நண்பர் சந்திரமௌலி போட்டுக்கொடுத்தது. திறந்தாலே தமிழ் வரும்படி செய்துவிட்டுப் போயிருந்தார். அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே இவர்கள் இருவருக்கும் தெரியாது.

4

திங்கள் மத்தியானம் பூங்கோதை நாவலைத் திறந்தாள். ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஒரே கிறுக்கல். நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அப்படியே.

ஆறு மணிக்குச் சுந்தரேசன் வந்தபோது அவள் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க பண்ணீங்க?"

"சரி பண்ணிடலாம். சந்திரமௌலிகிட்ட கேக்கறேன்."

"அவருதான் ஊருக்குப் போயிருக்காரே. அதுல என்ன இருந்துச்சுன்னாச்சும் உங்களுக்குத் தெரியுமா? ஒரு வரி சொல்லுங்க பாப்போம்."

சுந்தரேசனுக்கு ஒரு வரியும் தெரியாது.

(இந்த இடத்தில் முதல் வரைவில் அவர் கையெழுத்துத் தாளை எடுத்து நீட்டினார். 'நீதானே ஒப்புதல் குடுத்த' என்று கத்தினார். நல்ல காட்சி. ஆனால் நடக்கவில்லை. தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் தொடவில்லை.)

புதன்கிழமை பூங்கோதை அந்த ஃபைலைத் தன் கையாலேயே அழித்தாள். "குப்பைய வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றாள். பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

5

சுபாஷிணி நான்தான். இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். அப்போது எனக்குப் பதினான்கு வயது.

இரண்டு ஞாயிறு கழித்துச் சந்திரமௌலி மாமா வந்தார். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அப்பா பட்டியலை நீட்டினார். மாமாவின் விரல் எண்பத்தேழில் நின்றது.

"சார், இது ஒண்ணுதான். எழுத்தெல்லாம் பத்திரமா இருக்கும், பாக்கத்தான் கிறுக்கலாத் தெரியும். ஃபான்ட்டைத் திருப்பிப் போட்டா நாவல் பழையபடி வந்துடும். ஃபைல் எங்க?"

அப்பா பட்டியலை வாங்கி மடித்து மறுபடி சட்டைப் பையில் வைத்தார். அழித்ததை மீட்கவும் வழியில்லை. நடுவில் இரண்டு ஞாயிறும் டிஃப்ராக் ஓடியிருந்தது. நாவல் இருந்த இடத்தில் வேறு ஃபைல்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

"அவளே அழிச்சுட்டா" என்றார். "இது அவளுக்குத் தெரிய வேண்டாம், மௌலி. நான் அழிச்சதாவே இருக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சுபா, சம்ஜீ? புரிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

அப்பாமேல் கோபமிருந்தால் அம்மா மறுபடி எழுதுவாள், தன்மேலேயே கோபம் வந்தால் எழுதமாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இது என் ஊகம். கணக்கு பலிக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு எழுதவே இல்லை.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அம்மா மறுநாளே முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குகிறாள். எனக்குப் பிடித்த முடிவு. பொய்.

ஆ) சந்திரமௌலி மாமா என்றோ ஒருநாள் உளறிவிடுகிறார். அவர் உளறுகிற ஆளே இல்லை.

இ) நான் இந்தக் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு,

மூன்றாவதை முடிக்கக் கை வரவில்லை. போன வாரம் குர்கானிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக்காட்டினேன். இருபது வயதில் அம்மாவிடம்தான் நான் தமிழை ஒழுங்காகப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டேன். இன்னும் அங்கங்கே தடுக்கும். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அஞ்சாவது பகுதிய எடுத்துடும்மா."

"எதுக்குப்பா? எட்டு வருஷமா திட்டு வாங்கிட்டிருக்கீங்க."

"யாரு அழிச்சா என்ன? ரெண்டு வருஷம் பக்கத்துலயே உக்காந்து எழுதினா. ஒரு பக்கம் படிச்சிருக்கேனா நான்? அந்தத் திட்டு எனக்கு வேணும்."

போனை வைத்துவிட்டு அழுதேன். ஐந்தாவது பகுதியை எடுக்கவில்லை.

7

மற்ற வாசகர்களுக்குக் கதை இங்கேயே முடிந்துவிட்டது. இனி வருவது ஒரே ஒரு வாசகருக்கு.

அம்மா, ஊரும் பேரும் மாற்றியிருந்தாலும் உனக்குத் தெரிந்துவிடும். தமிழில் அச்சாகும் எதையும் நீ விடுவதில்லை. நீ தெரிந்து அழிக்கவில்லை. அவரும் அப்படித்தான். அப்பாவைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. அந்த நாவலைப் படிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அப்போது வீட்டில் அதைப் படிக்க ஒருவரும் இல்லை. இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

இதைப் படித்து முடிக்கும்போது அப்பா ஹாலில்தான் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். நீ எழுந்து போய் அவரிடம் என்ன சொல்வாய், சொல்லாமலே இருந்துவிடுவாயா, எனக்குத் தெரியாது. அதை நான் எழுதப்போவதில்லை.

நீ எழுது.