ஒப்படைத்துவிட்டுப் போன குரல்

சேவை மையத்தின் செயலாளர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அன்று அவருடைய குரல் அலுவலகத் தொலைபேசியிலேயே தங்கிவிட்டது. அது ஒரு வெள்ளிக்கிழமை. முட்டை விலை கொஞ்சம் ஏறியிருந்தது, மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மற்றபடி அன்றைக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

மையம் என்பது ஒரு பழைய மாடி வீடு. கீழே இரவல் கொடுப்பதற்கான சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் மடக்குக் கட்டில்களும் அடைந்து கிடக்கும். மாடியில் ஒரே ஒரு தொலைபேசி. தனியாக இருக்கும் முதியவர்களைக் காலையில் கூப்பிட்டு, எழுந்தாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா என்று விசாரிப்பது செயலாளர் ஆரம்பித்து வைத்த வழக்கம். முப்பது வருஷத்துக்கு மேலாக அதை அவரே செய்துவந்தார். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அலுவலக வேலைக்குப் பயன்பட்ட பொருள் எதுவானாலும் அது அலுவலகத்துக்கே சொந்தம் என்பார். ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. கடைசி நாளில் இது எல்லை மீறிவிட்டது. சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார், சரி. மழையில் முதியவர்கள் வீட்டுக்குப் பிடித்துப் போன சொந்தக் குடையை வைத்தார். கோப்புகளைப் படித்த கண்ணாடி என்று மூக்குக் கண்ணாடியையும் கழற்றி வைத்தார். "சார், சட்டையயும் கழட்டிக் குடுத்துட்டுத்தான் போவீங்களா?" என்று வேன் ஓட்டுநர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நன்றி சொல்ல எழுந்த செயலாளர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பாவம், மனசு நிறைந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். சமையல்காரம்மா அழுதேவிட்டார்.

திங்கள்கிழமை, புதுச் செயலாளராகப் பொறுப்பேற்ற முன்னாள் நர்ஸ் ரிசீவரை எடுத்து "வணக்கம்" என்றார். பழையவரின் குரல் வந்தது. வேன் ஓட்டுநர் எடுத்தாலும் அதே குரல்தான், சமையல்காரம்மா அரிசிக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றாலும் அதே குரல்தான். ரிசீவரை வைத்துவிட்டால் அவரவர் தொண்டை அவரவருக்கு. புதுச் செயலாளர் தன் கணவரைப் போனில் கூப்பிட்டு, வரும்போது சோப்பு வாங்கி வரச் சொன்னபோது அந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று "சரிங்க சார்" என்றாராம். முதியவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கேட்டுப் பழகிய குரல் கேட்டது, மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள்.

வித்தியாசம் தெரிந்தது ஒரே ஒருவருக்கு. செயலாளரின் மனைவி ஒரு தையல் கடை வைத்திருந்தார். கணவர் ஓய்வு பெறும் வாரத்திலேயே கடையை மூடிவிட்டு, இனிமேலாவது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம் என்று காத்திருந்தார். பேசுவதற்கு அவரிடம் நிறையவே சேர்ந்திருந்தது. கல்யாணமான புதிதில் பாதியில் நின்றுபோன ஒரு சண்டைகூட மிச்சம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் வாயெடுக்கும்போது போன் வரும், கணவர் சட்டையை மாட்டிக்கொள்வார். இப்போது எதிரே உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் காதக் குடுத்தீங்க. வாயயும் குடுத்துட்டா வந்தீங்க?" என்று கேட்டார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார்.

மையத்தில் யார் போனை எடுத்தாலும் அவர் குரல்தான் வருகிறது என்று கேள்விப்பட்டு, மறுநாளே மனைவி அவரைக் கையோடு மையத்துக்கு அழைத்துப் போனார். புதுச் செயலாளருக்குத் தர்மசங்கடம். குரலைக் கொடுத்துவிட்டால் காலையில் யாரும் மாத்திரை போட மாட்டார்களே என்றார். அங்கேயிருந்த பொருளாளர், அலுவலகத்துக்குப் பயன்பட்டது அலுவலகத்துக்கே சொந்தம், இது சார் போட்ட விதிதானே என்று இழுத்தார். "விதி போட்டப்ப என்னைக் கேட்டாரா? அந்தக் குரல் முதல்ல எனக்கு வாக்குக் குடுத்த குரல்" என்றார் மனைவி. பொருளாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பழக்கதோஷம், செயலாளர் பாய்ந்து எடுத்து "சொல்லுங்க" என்றார். கணீரென்று வந்தது. ரிசீவரைக் கீழே வைத்தார், போய்விட்டது. மறுபடி எடுத்தார், வந்தது. தொலைபேசிக்காரரை வரவழைத்துக் கம்பியை நீட்டிப் பார்த்தார்கள். குரல் மாடிப்படியின் முதல் படிவரை வந்தது, அதற்குமேல் இறங்கவில்லை.

மனைவி கணவரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார், செருப்பைக் கழற்றினார், விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து மையத்தின் எண்ணைக் கூப்பிட்டார்.

"நான்தான்."

"சொல்லு. ஏதாவது அவசரமா?"

"இல்ல. அவசரம் ஒண்ணும் இல்ல. சும்மா பேசணும்."

இந்தப் பக்கம் செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "உன்னை ரொம்ப நாள் காக்க வெச்சுட்டேன்" என்றார். அவர் கண்கள் கலங்கியதைப் புதுச் செயலாளர் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டுக் கீழே போய்ச் சக்கர நாற்காலிகளைத் துடைக்க ஆரம்பித்தார். வேன் போய்த் திரும்பி வரும்வரை மேலே பேச்சு நிற்கவில்லை. நடுவில் ஒருமுறை செயலாளர் உரக்கச் சிரித்ததும், ஒருமுறை "தப்பு என்னோடதுதான்" என்று சொன்னதும் படிக்கட்டில் கேட்டது.

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. மதியச் சாப்பாடு முடிந்ததும் செயலாளர் மையத்துக்குக் கிளம்புவார், மனைவி வீட்டில் போனை எடுத்து வைத்துக்கொள்வார். மாலையில் அவர் திரும்பியதும் இரண்டு பேரும் பேச்சில்லாமல் காப்பி குடிப்பார்கள். பொதுத் தொலைபேசியில் சொந்தப் பேச்சா என்று பொருளாளர் ஒரு கூட்டத்தில் கேட்டுப் பார்த்தார். மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். முன்பெல்லாம் நடுராத்திரியில்கூட அவரைக் கூப்பிட்டுப் பழகிய ஊர் அது. இப்போது மதியத்தில் யார் கூப்பிட்டாலும் லைன் கிடைக்காது. பார்வை மங்கிய ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர் ஒருநாள் மூன்று முறை முயன்று பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர், "ஆபீஸ்ல யாரும் இல்லயா?" என்று கேட்டார்.

"இருக்காங்க. புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கிட்டு இருக்காங்க" என்றார் தட்டச்சர். "நான் அப்புறமா கூப்பிட்டுக்கிறேன்."