சங்குக்குக் காத்திருந்தவன்

போர்மேன் மாதிரி நடந்து காட்டியதில் மருதையின் குற்றம் ஒன்றுமில்லை. ரயில் பெட்டியின் கூரைமேல் ஏறி நடந்து காட்டியதுதான் குற்றம். பொன்மலைப் பட்டறையே கீழே நின்று சிரித்தது. தொப்பையைத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தவன், போர்மேனைப் போலவே விறைப்பாகத் திரும்பினான். திரும்பிய இடத்தில் கூரை இல்லை. விழுந்த பிறகும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். அதில் மருதைக்குக் கொஞ்சம் பெருமைதான்.

முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. சிறுநீரும் நின்றுபோனது. வயிறு பானையாக உப்பும். ஆஸ்பத்திரியில் ரப்பர் குழாய் போட்டு எடுப்பார்கள்.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை நடுவில் ஒதுங்கினால் போர்மேன் முறைப்பார் என்று மத்தியானச் சங்கு ஊதும்வரை எல்லோரும் அடக்கிக்கொள்வார்கள். மருதையின் உடம்பு அதற்கே பழகிவிட்டது. சங்கில்லாத துறையூரில், தீபாவளிக்குப் போன மாமனார் வீட்டில் திண்டாடிய கதையை அவனே சொல்லிச் சிரிப்பான். அதனால் மருந்தைவிடச் சங்கைத்தான் நம்பினான். காற்று வாகாக அடித்தால் அது ஆஸ்பத்திரிவரை கேட்கும். மனைவி பவுனம்மாளை வெளியே அனுப்பிவிட்டுப் பாத்திரத்தோடு காத்திருப்பான். சங்கு ஊதி ஓயும். பாத்திரம் காய்ந்தே கிடக்கும்.

பிறகு ஒருநாள் காலையில், சங்கும் இல்லை, முட்டவும் இல்லை, படுக்கை நனைந்திருந்தது. பவுனம்மாள் பார்த்துச் சொல்லித்தான் அவனுக்கே தெரிந்தது. அவள் ஸ்ரீரங்கம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

மருதை அன்று யாரையும் சிரிக்க வைக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் கூட்டாளிகள் நடுவே உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஆனால்? மூக்கைப் பொத்தமாட்டார்கள், நல்லவர்கள். மெல்ல நகர்ந்து உட்காருவார்கள். கால் போனதைக்கூட வேடிக்கையாகச் சொல்லிவிடலாம். இதை எப்படிச் சொல்வது?

டாக்டர் பரக்கத் அலி வந்தார். எது கேட்டாலும் 'பார்க்கலாம்' என்றே சொல்லிவந்த மனிதர்.

"இத்தனை நாளாப் பார்த்தீங்களே சார், பார்த்ததைச் சொல்லுங்க."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மூத்திரப்பை நிறைந்தால் நரம்பு வழியாக முதுகுத்தண்டில் ஏறி மூளைக்குச் சேதி போகும் என்றார்; 'இப்போது வேண்டாம், பொறு' என்று மூளை திருப்பிச் சொல்லும். மருதைக்கு நடுவில் அந்த வழி அறுந்துவிட்டது. தண்டின் அடியில் உள்ள நரம்புகள் மட்டும் அதிர்ச்சி தெளிந்து விழித்திருக்கின்றன. பை நிறைந்தால் அவையே திறந்துவிடுகின்றன.

"கன்ட்ரோல் ஆபீசைக் கேக்காம சின்ன ஸ்டேஷன்காரன் வண்டியை விடறான்."

"அதேதான்."

மருதை சிரிக்கவில்லை. "மறுபடி என் பேச்சைக் கேக்குமா சார்?"

பவுனம்மாள் டாக்டரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"கேக்காது மருதை. இனிமே கேக்காது. ஆனா அடிவயித்துல விரலால தட்டினா அந்த நரம்பு முழிச்சுக்கும், பை திறக்கும். வெளியில போறதுக்கு முன்னாடி நீங்களே தட்டிக் காலி பண்ணிக்கலாம். சில நாள் ஏமாத்தும், அதையும் சொல்லிடறேன். கையைக் குடுங்க, எங்க தட்டணும்னு காட்டறேன்."