பத்து மணி வலி

விடிந்தும் விடியாத நேரத்திலேயே ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து ஒடியும் சத்தம் தொடங்கிவிட்டது. நனைந்த செடிகள் இடுப்பில் கட்டிய படங்குத் துணியை உரசி உரசிக் குளிர் தொடைவரை ஏறியது. லோஜினி விரலிடுக்கில் ஒட்டிய அட்டையைப் பிய்த்து எறிந்தாள். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மலையில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து நிரையில் அம்மா ஜீவராணியின் கைகள் பேய் பிடித்ததுபோல் பறந்துகொண்டிருந்தன. ஒரு நாள் கொழுந்தையும் பத்து மணிக்குள் பறித்துவிட வேண்டும். பத்து மணிக்கு வலி வந்துவிடும்.

மூன்று வாரமாக அது நேரம் தவறியதில்லை. கொழுந்து லொறிகூட அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

அன்றும் வந்தது. ஜீவராணி கொழுந்துப் பையைக் கழற்றி எறிந்தாள். இடது கண் மட்டும் சிவந்து, இமை தொங்கி, நீர் கொட்டியது. அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. நிரைக்குள் முன்னும் பின்னும் நடந்தாள். பிறகு பாறையில் நெற்றியை முட்டத் தொடங்கினாள். லோஜினி ஓடிப்போய்ப் பாறைக்கும் நெற்றிக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தாள்.

வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு அழகுமுத்து மேல் ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை.

"வெள்ளனே ஊத்திட்டு வந்துட்டாளா? கண்ணப் பாரு, கண்ண!"

"குடிக்கலீங்க ஐயா. தலவலி."

"தலவலின்னா படுத்துக் கெடப்பா. இவ ஆடுறாளே! இவளுக்கு இன்னிக்கு அரைப்பேர்."

அரை நாள் சம்பளத்தைப் பறித்த வாயோடு வெற்றிலை எச்சிலைச் செடிமேல் துப்பிவிட்டுப் போனார். லோஜினிக்கு வெறுப்பாக இருந்தது. அவரை நினைத்து மட்டுமல்ல. முதல் வாரத்தில், அம்மா தூங்கும்போது குனிந்து அவள் வாயை மோந்து பார்த்தவள்தானே இவளும். லயத்து வீடுகளில் பாதிப் பேர் முனி அடித்துவிட்டது என்றார்கள், மீதிப் பேர் கசிப்புச் சாராயம் என்றார்கள். தோட்டத்து மருந்துக்காரர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே பனடோல் மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்தார். சீட்டில் இங்கிலீஷில் ஏதோ கிறுக்கினார். வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தது லோஜினிக்கு மட்டும்தான். குடிப்பழக்கம் என்று எழுதியிருந்தது. அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு வலி விட்டது. ஜீவராணி பிழிந்த துணிபோலச் செடியடியில் கிடந்தாள். தேத்தண்ணி நேரத்தில் லோஜினி அடுத்த வீட்டு மீனம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்த, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"சொல்லு புள்ள."

"போன கெழம அம்மாவ ஹட்டனுக்குக் கூட்டிட்டுப் போனேன்ல? பஸ்ஸுலயே வலி வந்துருச்சு. எல்லாரும் குடிகாரியப் பாக்குற மாதிரி பாத்தாங்க. ஆஸ்பத்திரியில ஒரு பொம்பள டொக்டர் நோனா பாத்தாங்க. இதுக்கு கிளஸ்டர் தலவலின்னு பேராம். குடியும் இல்ல, முனியும் இல்ல. மொகத்துல மாஸ்க் போட்டு ஒக்சிஜன் குடுத்தாங்க. கால் மணித்தியாலம்தான் அத்த! அம்மா எந்திரிச்சு உக்காந்து, பசிக்குதுன்னு சொல்லிச்சு."

"அப்பறம் என்னா?"

"கண்டி கிளினிக்குக்கு ஆறு மாசத்துக்கு அப்பறம்தான் திகதி. அது வரைக்கும், வலி தொடங்குன ஒடனே ஒக்சிஜன் குடுக்கச் சொல்லி நம்ம தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கடிதம் தந்தாங்க. மருந்துக்காரரு சிலிண்டரே இல்லன்னுட்டாரு." அவள் குரல் தேய்ந்தது. "நேத்து அம்மா சொல்லுது, இது இன்னும் ஒரு வாரம் வந்தா நான் இருக்க மாட்டேன், தம்பியப் பாத்துக்கன்னு. அழாம சொல்லுது அத்த. நான் தூங்குறதே இல்ல. அம்மா முந்தானைய கையில சுத்திக்கிட்டுத்தான் படுக்குறேன்."

மீனம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சிலிண்டர் இல்லன்னு யாரு சொன்னா? ஞாயித்துக்கெழம நான்தானே அதுக்குத் தூசி தட்டுறேன்!"

பழைய தொரை பங்களா இப்போது வெளிநாட்டு விருந்தாளிகள் தங்கும் ஹோட்டல். மீனம்மா அங்கே கூட்டித் துடைக்கப் போவாள்.

"சாராயப் போத்தல் அலுமாரிக்குப் பக்கத்துல நிக்குது. கறுப்பு ஒடம்பு, வெள்ளக் கழுத்து. தோட்டத்து டிஸ்பென்சரின்னு பெயிண்டுல எழுதியிருக்கு. ராத்திரி பூரா குடிச்சுட்டு, காலையில மண்ட கனக்குதுன்னு அந்த மாஸ்க்க மூஞ்சியில வச்சுக்கிட்டுப் போட்டோ புடிக்கிறானுங்க. சிரிப்பு வேற! குடிச்சவனுக்கு ஒக்சிஜன், குடிக்காதவளுக்கு அரைப்பேர். தூ!"

லோஜினி மீதித் தேத்தண்ணியைச் செடியடியில் ஊற்றினாள்.

"இத நான் எல்லாருகிட்டயும் சொல்லப்போறேன், புள்ள. கோவிச்சுக்காத."

"அம்மா வெக்கப்படும் அத்த."

"வெக்கப்படவேண்டியது வேற ஆளுங்க."

மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரத்தில், அறுபது பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தோளிலும் பை இல்லை. அழகுமுத்து அதைக் கண்டதும் சட்டென்று தொப்பியைக் கழற்றினார். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் மலைக்குப் போவதில்லை. எந்தத் தொரையும் அதற்கு ஏனென்று கேட்டதில்லை.

"யாரு வீட்டுல சாவு?"

"இன்னும் விழல ஐயா" என்றாள் மீனம்மா. "இந்தத் தடவ விழுறதுக்கு முன்னாடியே நிக்கிறோம்."

கழற்றிய தொப்பியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. போனை எடுத்தார்.

ஒன்பதரைக்குத் தோட்டத்து மேனேஜர் தொரையின் ஜீப் வந்தது.

"என்னா இது? கொழுந்து முத்துது. போங்க மலைக்கு!"

லோஜினி எழுந்தாள். டொக்டரின் கடிதத்தைத் தொரைக்கு இங்கிலீஷில் வாசித்தாள், பிறகு எல்லோருக்கும் தமிழில் சொன்னாள். அப்புறம் மருந்துக்காரரின் சீட்டையும் எடுத்து, அதிலிருந்ததையும் உரக்கச் சொன்னாள். ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த நாகலெட்சுமி, அவளைக் கசிப்புக்காரி என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள், மெல்ல நகர்ந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த சிலிண்டர் கெஸ்ட்டுக்கு," என்றார் தொரை. "அவங்களுக்கு ஏதும் நடந்தா யார் பொறுப்பு?"

"எங்களுக்கு நடந்தா யாருங்க தொரை பொறுப்பு?" என்றாள் மீனம்மா.

"ஒரு ஆளுக்குத் தலவலின்னு தோட்டத்த நிப்பாட்டுறதா?"

"ஒரு ஆளு செத்தா நிப்பாட்டுறோமே! அதுக்கு மட்டும் தொரை ஒண்ணும் சொல்றதில்லயே!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தொரையின் கழுத்து சிவந்தது. "இன்னிக்கு ஒருத்தருக்கும் பேர் இல்ல."

"தெரியுங்க. தெரிஞ்சுதான் உக்காந்திருக்கோம்."

பத்து மணி ஆனது. ஜீவராணி முனகிக்கொண்டே எழுந்தாள். கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது, அடித்தொண்டையிலிருந்து மாட்டின் குரல்போல ஒன்று வந்தது. தொரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். அவரது பளபளப்பான சப்பாத்தில் அவளுடைய எச்சில் ஒரு துளி தெறித்திருந்தது. அவர் அதைத்தான் பார்த்தார். ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

அவளைப் படுக்கவைக்க முடியாது. வலி அவளை நடக்கத்தான் விடும். அதனால் எல்லோரும் அவளோடு நடந்தார்கள். பெரட்டுக் களத்திலிருந்து பங்களாவுக்கு முக்கால் மைல் ஏற்றம். அவள் தலையை எங்காவது முட்டத் தேடியபோதெல்லாம் ஒரு தோள் வந்து நின்றது. கவ்வாத்து மலையிலிருந்து ஆண்களும் கத்திகளைச் செடியடியில் போட்டுவிட்டு இறங்கி வந்தார்கள்.

பங்களா கேட்டுக்குச் சங்கிலி போட்டிருந்தது. உள்ளே புல்தரையில் முட்டையைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு விருந்தாளிகள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காவற்காரன் சாவி தன்னிடம் இல்லை என்றான். யாரும் திரும்பவில்லை. கம்பி ஓரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள்.

வலி தானாக விட்டபோது பதினொன்று தாண்டியிருந்தது. சங்கிலி அப்படியே இருந்தது. ஜீவராணி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"நாளைக்கும் பத்து மணிக்கு வருமே, மீனம்மாக்கா."

"வரட்டும். நாங்களும் இங்கதான் நிப்போம்."

ஜீவராணி மகள் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளனே என்னைய எழுப்பி விடு, புள்ள. இவுங்க வாறதுக்கு முன்னாடி நான் வந்து நிக்கணும்."