அடுப்படியில் கேட்ட வாக்குமூலம்

கண்ணகை நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் ஏறி வாய் திறந்தபோது, அவளுடைய குரல் வாவிக்கு மறுபுறம், படுவான்கரையில், அவள் வீட்டு அடுப்படியில் கேட்டது. அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்த மகள் கம்சாயினி, பானைப் பக்கமிருந்து தாய் "ஐயா, இது என்ட வீடு" என்று சொல்வதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஆளைக் காணவில்லை. மீனைப் பூனைக்கு எட்டாமல் மூடி வைத்துவிட்டு, உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டாள். நீதிமன்றம் இருக்கும் எழுவான்கரையில் நீதிபதி கண்டதெல்லாம் சத்தமில்லாமல் வாயசைத்த ஒரு பெண்ணைத்தான். மனிதர் நல்லவர், குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பிறகு வழக்கை வேறொரு நாளுக்குத் தவணை போட்டார். படுவான்கரையார் இதைப் பெரிய புதினமாக எடுக்கவில்லை. சந்தைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குரல் கூடவே வரும், நீதிமன்றப் படியேறினால் மட்டும் வீட்டுக்குத் திரும்பிவிடும். மாடு களவு கொடுத்தவனுக்கும் இப்படித்தான் நடந்தது, வேலிச் சண்டைக்குப் போனவனுக்கும் இப்படித்தான். கோட்டுக்குப் போவதென்றால் அப்படித்தான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இதில் எனக்கு வருகிற கோபத்தில் பாதிகூட அவர்களுக்கு வரவில்லை.

வழக்குப் போட்டவன் கூடப்பிறந்த தம்பி வினாயகமூர்த்தி. இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். தகப்பனும் அந்த வழக்கப்படி வீட்டைக் கண்ணகைக்குச் சீதனமாக வாயால் கொடுத்தார், காணி உறுதிப் பத்திரம் எழுதவில்லை. மகளுக்குக் கொடுத்ததை எழுதச் சொல்வது தகப்பனின் வாக்கைச் சந்தேகிப்பதாகும், அப்படிக் கேட்கும் மகள் ஊரில் பிறக்கவில்லை. சட்டத்துக்கு இந்த ரோசமெல்லாம் தெரியாது. தகப்பன் கண்மூடியதும் அது வீட்டைப் பாதி பாதியாகப் பார்த்தது. எழுவான்கரையில், களுவாஞ்சிக்குடியில் மனைவி வீட்டிலிருந்த வினாயகமூர்த்தி, செய்த தொழில் எல்லாம் கைவிட்ட பிறகு அந்தப் பாதியைக் கேட்டு வழக்குப் போட்டான். வீடும் முற்றமும் சேர்ந்த சின்ன வளவு, பிரிக்க முடியாது, விற்றுத்தான் பங்கு போட வேண்டும். கம்சாயினிக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். வீடு போனால் அந்தக் கலியாணமும் போகும். கண்ணகை நித்திரை கொள்ளாமல் மெலிந்துபோனாள்.

தவணைகள் வந்தன, போயின. வயல் விதைத்து, அறுத்து, மறுபடியும் விதைத்தார்கள். ஒவ்வொரு தவணைக்கும் அவள் விடியப்புறம் எழும்பி, நல்ல சேலை உடுத்து, பாதை என்று இங்கே சொல்கிற மிதவையில் வாவி கடந்து போய், கூண்டில் வாயசைத்துவிட்டு வந்தாள். தம்பியின் சட்டத்தரணி எழுந்து, எதிராளிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்வார். கடைசியில் நீதிபதி, அடுத்த தவணையிலும் சாட்சியம் வராவிட்டால் இருப்பதை வைத்துக் கட்டளை போடுவேன் என்றார். அது கண்ணகைக்கு விளங்கியது. மற்ற எதுவும் விளங்கவில்லை. அங்கே பேசியது தமிழ்தான், ஆனால் அந்தத் தமிழில் யாரும் சோறு கேட்டதில்லை.

இலவச சட்ட உதவிக்கென்று கிராம சேவகர் காரியாலயத்துக்கு வந்துபோகும் எழுவான்கரைக் காத்தான்குடிச் சட்டத்தரணி றிஸானாவிடம் ஓடியது கம்சாயினிதான். அம்மா இவ்வளவு காலம் கூண்டில் நின்று சொன்னதையெல்லாம் அடுப்படியில் கேட்ட ஒரே ஆள் அவள்தானே. சொன்னதைச் சொன்னபடி ஒப்புவித்தாள். றிஸானா கேட்கக் கேட்க முகம் சுருங்கி, அன்றே வீட்டுக்கு வந்து கண்ணகையிடம் பேசினாள்.

"அம்மா, தம்பி நல்லவன், எங்களுக்குள்ள ஒரு நாளும் சண்டை இல்ல என்டுதான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கீங்க. நல்ல காலம், அது அங்க கேக்கல்ல."

"பிறகு வேற என்னத்தச் சொல்ற, பிள்ள?"

"ஒத்துமையா இருந்தா வீடு ரெண்டு பேருக்கும் பொது என்டுதான் சட்டம் எடுக்கும். இது எனக்கு மட்டுந்தான், உனக்கில்ல என்டு எப்பவாவது ஊரறிய அவரத் திருப்பி அனுப்பினீங்களா? அது நடந்து பத்து வருசம் தாண்டியிருந்தா, சட்டப்படி வீடு உங்களுக்குத்தான்."

கண்ணகை வேலிப் படலையைப் பார்த்தாள். அனுப்பியிருந்தாள். தகப்பன் கண்மூடிய கையோடு, கம்சாயினி சின்னப்பிள்ளையாக இருந்தபோதே, அவன் ஒருமுறை பங்கு கேட்டு வந்தான். முகத்துக்கு நேரே படலையைச் சாத்தினாள், தெருவே பார்த்தது.

"அத நாலு பேருக்கு முன்னால எப்பிடிச் சொல்ற? அவன் என்ட பிள்ளைக்குத் தாய்மாமன்."

மறைக்க வேண்டிய மானக்கேடு என்று அவள் நினைத்ததுதான் வீட்டைக் காப்பாற்றும் என்பதை முதல் தவணையிலேயே ஒருவர் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

வளவை நேரில் வந்து பார்க்கும்படி றிஸானா மன்றாட, நீதிபதி அடுத்த தவணையைக் கண்ணகையின் முற்றத்திலேயே வைத்தார். பிளாஸ்டிக் கதிரையில் அவர் இருந்தார், வேலியோரம் ஊர் நின்றது. வினாயகமூர்த்தி அக்காவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான். அவனுடைய சட்டத்தரணி எழுந்து வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. நீதிமன்றம் கூடினால் எழுவான்கரை ஆட்களின் குரலும் வாவியைத் தாண்டாது என்று அப்போதுதான் தெரிந்தது. றிஸானாவின் குரலும் போயிற்று, ஆனால் அவள் கண்ணகையிடம் சொல்ல வேண்டியதை முன்பே சொல்லியிருந்தாள். நீதிபதி தூரத்து ஊர்க்காரர், அவருக்கு வாவி எந்தப் பக்கமும் இல்லை, அவர் குரல் எங்கும் போகவில்லை. கூட வந்த நீதிமன்றப் பதிவாளரின் போன் அடித்தது. அக்கரையில் வெறும் நீதிமன்ற மண்டபத்தில் காவலுக்கு இருந்த அப்துல் கபூர், "சேர், இஞ்ச ஆருமில்ல, லோயர்ட சத்தம் மட்டும் கேக்குது" என்றார். பதிவாளர் போனை எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

கண்ணகையின் முறை வந்தது. மகளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"நான் அவன விரட்டினன், ஐயா. உனக்கு இஞ்ச ஒரு பிடி மண்ணும் இல்ல என்டு சொல்லிப் படலையச் சாத்தினன்."

இது உண்மையா என்று நீதிபதி தம்பியிடம் கேட்டார். இல்லை என்று அவன் சொன்னால் வீடு போகும். அவனுடைய உதடு அசைந்தது. அப்துல் கபூர் தான் கேட்டதை அப்படியே போனில் திருப்பிச் சொன்னார்.

"ஓம், உண்மதான். அக்கா படலையச் சாத்தினா. பொறகு வேலிக்கு மேலால சோத்துப் பார்சல் நீட்டினா. பசி, வாங்கித் திண்டுட்டுத்தான் போனன்."

படலை சாத்தியது, சோறு நீட்டியது, பதிவாளர் இரண்டையும் எழுதினார். கண்ணகை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மதியத்து ளுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று அப்துல் கபூர் போனை வைத்தார். எழும்பிப் போகப் பார்த்த தம்பியை அவள் மறித்து, "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அமர்வு இன்னும் கலையவில்லை, அவன் குரல் இன்னும் அக்கரை மண்டபத்தில்தான் இருந்தது. அவன் அவளை நேரே பார்த்து, ஆறுதலாக, நீளமாக ஏதோ சொன்னான். அதைக் கேட்க மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

வீடு கண்ணகைக்கென்று தீர்ப்பாயிற்று. மாதம் ஒருமுறை நீதிமன்றம் படுவான்கரையில் கூடுகிறது. எழுவான்கரையார் வாயசைப்பார்கள், அப்துல் கபூர் மறுமுனையில் கேட்டுச் சொல்வார், தொழுகை நேரத்துக்கு இப்போது வேறொருவர் இருக்கிறார். கம்சாயினியின் கலியாணத்துக்கு வினாயகமூர்த்தி வந்து தாய்மாமன் இடத்தில் நின்றான். அன்றைக்கு என்ன சொன்னாய் என்று கண்ணகை கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.